மூன்று மா ஒரு ஏக்கரா?

எங்கள் பக்கத்தில் ஒரே வயலுக்கு மூன்று கணக்கு உண்டு. வரப்பில் நின்று பேசும்போது மா, குழி. விலை பேச உட்கார்ந்தால் ஏக்கர், சென்ட். பட்டாவைப் பிரித்துப் பார்த்தால் ஹெக்டேர், ஏர். தாத்தா மாவில் வாங்கியதை அப்பா ஏக்கரில் அடமானம் வைத்திருப்பார். பேரன் அதை ஹெக்டேரில் பாகம் பிரிக்க வருவான். மூன்று தாள்களையும் அருகருகே வைத்தால், மூன்றும் ஒரே மண்ணைத்தான் சொல்கின்றன என்று நம்புவது கஷ்டம்.

அந்தத் தாள்களுக்கு நடுவே எனக்கு வேலை கிடைத்தது எண்பதுகளின் கடைசியில். கும்பகோணத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூர். சார் பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் ஓட்டு வீட்டுத் திண்ணையில் ஒரு பத்திர எழுத்தர் இருந்தார். ஊரில் அவரைப் பெரியவர் என்றே சொல்வார்கள். கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டு வேறு வேலை தேடிக்கொண்டிருந்த என்னை, சொத்து விவரத்தில் வரும் பரப்புக் கணக்கைப் பார்ப்பதற்காகச் சேர்த்துக்கொண்டார். அவருக்குக் கையெழுத்து அழகு, சட்டம் தெரியும், கணக்கும் தெரியும். ஆனால் கண் மங்கத் தொடங்கியிருந்தது.

கணக்கு குவிந்து கிடந்த காலம் அது. 1956-இல் எடை அளவுச் சட்டம் வந்தது. 1958 அக்டோபரில் மெட்ரிக் எடைகள் நுழைந்தன. 1962 வாக்கில் சேரும் வீசையும் கடைத்தெருவை விட்டே போயின. காய்கறிக்கும் அரிசிக்கும் கிலோ வந்து ஒரு தலைமுறை ஆகியும் நிலம் மட்டும் பழைய கணக்கிலேயே கிடந்தது. 1979-இல் தொடங்கி 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம்தான் பட்டாக்களை ஹெக்டேருக்குக் கொண்டுவந்தது. ஊரில் இன்றைக்கும் அதை யு.டி.ஆர். என்றுதான் சொல்கிறார்கள். புதுப் பட்டா கைக்கு வந்ததும் எல்லாருக்கும் ஒரே சந்தேகம்: என் நிலம் குறைந்துவிட்டதா?

பெரியவர் தன் மேசைக்கு மேலே ஒரு அட்டையில் நான்கே எண்கள் எழுதி மாட்டியிருந்தார். ஒரு குழி 144 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு சதுர அடி 0.09290304 சதுர மீட்டர். ஒரு ஏர் 100 சதுர மீட்டர். வேறெந்த வாய்ப்பாட்டையும் அவர் பக்கத்தில் வைத்துக்கொள்ள மாட்டார். கடையில் விற்கும் கையேடுகளில் ஹெக்டேரிலிருந்து ஏக்கருக்கு, ஏக்கரிலிருந்து மாவுக்கு, மாவிலிருந்து ஏருக்கு என்று பக்கம் பக்கமாக இருக்கும். அவற்றில் ஒன்றிலாவது ஒரு எண் இரண்டு தசமத்தோடு வெட்டப்பட்டிருக்கும், அதைத் தூக்கிப் பத்திரத்தில் போட்டால் வம்பு என்பார். எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்குப் போனாலும் முதலில் சதுர அடிக்கு இறங்க வேண்டும். அங்கிருந்து ஒரே ஒரு முறை ஏற வேண்டும். நடுவழியில் எங்கும் முழுமையாக்கக் கூடாது. கடைசி விடையை மட்டும் வெட்டலாம். வெட்டிய பிறகு வந்த வழியே திரும்பிப் போய், புறப்பட்ட எண் கிடைக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

இந்த ஒழுங்கு எதற்கு என்பது ஒரு பாகப்பிரிவினையில் எனக்குப் பிடிபட்டது.

அண்ணன், தம்பி, ஒரு அக்கா என்று மூன்று பேர் வந்தார்கள். தாத்தா பெயரில் கிரயப் பத்திரம். அதில் நஞ்சை மூன்று மா நாற்பது குழி. அவர்கள் வீட்டில் பரம்பரையாகச் சொல்லி வந்த கணக்கு, மூன்று மா ஒரு ஏக்கர். அப்படியானால் நாற்பது குழிக்குப் பதின்மூன்று சென்ட் சொச்சம்; மொத்தம் ஒரு ஏக்கர் பதின்மூன்று சென்ட்டுக்குக் குறையாது. சர்வேயர் வந்து அளந்தபோது ஒரு ஏக்கர் பன்னிரண்டரைக்குக் கொஞ்சம் கீழே நின்றது. கிட்டத்தட்ட ஒரு சென்ட்டைக் காணோம். கிழக்குப் புலக்காரர் மேல் பழி விழுந்தது. "வருஷா வருஷம் அண்டை வெட்டும்போது எங்க பக்கம் தள்ளித் தள்ளி வந்துட்டான்யா" என்று தம்பி உறுதியாகச் சொன்னார். அண்ணன் அவ்வளவு பேசவில்லை. ஆனால் வழக்குப் போடுவதற்கு வக்கீலைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். அக்கா மட்டும், "அவங்க வீட்டுல தண்ணி வாங்கிக் குடிச்சு வளர்ந்தவங்க நாம" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெரியவர் தாளை என் பக்கம் தள்ளினார். மூன்று மா நாற்பது குழி என்றால் 340 குழி. 144-ஆல் பெருக்கினால் 48,960 சதுர அடி. அதை 435.6-ஆல் வகுத்தால் 112.4 சென்ட். சர்வேயர் சொன்னதும் அதேதான். மூன்று மா என்பது 43,200 சதுர அடி; ஏக்கர் என்பது 43,560. ஏக்கருக்கு 360 சதுர அடி வித்தியாசம். இவர்கள் நிலத்தின் அளவுக்கு அந்த வித்தியாசம் 408 சதுர அடியாக வளர்ந்திருந்தது.

அதோடு பெரியவர் நிறுத்தவில்லை. "கிழக்கு வரப்பு எவ்வளவு நீளம்?" என்று கேட்டார். இருபத்தைந்து கோல் என்றார் அண்ணன். எங்கள் பக்கத்தில் கோல் பன்னிரண்டு அடி. ஆக 300 அடி. "408-ஐ 300-ஆல் வகுங்க தம்பி" என்றார் என்னிடம். ஒன்று புள்ளி மூன்று ஆறு அடி. பதினாறு அங்குலம். ஒரு நடுத்தர வரப்பின் அகலம்!

திண்ணையில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. வீட்டுக் கணக்கில் இருந்த பிழை, வயலில் போய் நின்றால் சரியாக ஒரு வரப்பு அகலத்துக்கு வருகிறது. அதனால்தான் அது திருட்டு போலவே தெரிந்திருக்கிறது. பிழை பத்து மடங்கு பெரிதாக இருந்திருந்தால் யாரும் பக்கத்துக்காரரைச் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். கணக்கைத்தான் மறுபடி பார்த்திருப்பார்கள். மிகச் சிறியதாக இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்காது. சந்தேகப்படத் தோதான அளவில் அது இருந்தது. அவர்கள் வழக்குப் போடாமல் பத்திரத்தை எழுதிக்கொண்டு போனார்கள். அலகு மாற்றத்தைப் பள்ளிக்கூடத்துப் பயிற்சிக் கணக்கு என்று நினைப்பவர்களுக்கு இந்த வரப்பைத்தான் இன்றுவரை நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மூன்று மா ஒரு ஏக்கர் என்ற பேச்சைத் தப்பு என்று ஒதுக்கவும் முடியாது. குத்தகை பேசும்போதும், நாற்று எத்தனை கட்டு வேண்டும் என்று பார்க்கும்போதும், அறுப்புக்கு ஆள் சொல்லும்போதும் அது போதும். ஒரு வேலிக்கு இருபது மா. அதை ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு என்று சொல்லிப் பழகியவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். துல்லியமாகப் பார்த்தால் 6.61 ஏக்கர். வாய்ப்பேச்சுக்கு உள்ள உரிமை பத்திரத்துக்கு இல்லை, அவ்வளவுதான். பேச்சில் முழுமையாக்கிய எண் அன்றைக்கே காற்றோடு போய்விடும்; பத்திரத்தில் முழுமையாக்கிய எண் அடுத்த பத்திரத்துக்குத் தாய்ப் பத்திரம் ஆகிவிடும்.

அப்படிப் பத்திரத்துக்குப் பத்திரம் தேய்ந்து வந்த நிலங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த 340 குழியையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் அதை 1.12 ஏக்கர் என்று எழுதுகிறார். அடுத்தவர் அந்த 1.12-ஐ எடுத்து ஹெக்டேராக்கி 0.45 என்று வெட்டுகிறார். மூன்றாமவர் 0.45 ஹெக்டேரைத் திரும்ப சென்ட்டாக்கினால் 111.2 வருகிறது. மண்ணை யாரும் தொடவில்லை, வரப்பும் நகரவில்லை. மூன்று பேரும் அவரவர் அளவில் நியாயமாகத்தான் முழுமையாக்கியிருக்கிறார்கள். ஒரு சென்ட்டுக்கு மேல் தாளிலிருந்து உதிர்ந்துவிட்டது. இன்னொருவர் ஹெக்டேருக்கு இரண்டரை ஏக்கர் என்று வைத்துக்கொண்டால் இதற்கு நேர்மாறாக இல்லாத நிலம் முளைக்கும்: 45.5 ஏர் என்பது 112.4 சென்ட்டுக்குப் பதில் 113.75 ஆகிவிடும். இல்லாத சென்ட்டுக்கும் விலை உண்டு, முத்திரைத் தீர்வை உண்டு.

இதில் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. இப்படி வெட்டி எறியும் பழக்கம் நம் ஊருக்குப் புதிது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நிலப் பரப்பை வேலியில் தொடங்கி, மா, காணி, முந்திரி என்று இறங்கி, அதற்கும் கீழே 'கீழ்' என்று இன்னொரு அடுக்கு திறந்து எழுதியிருக்கிறார்கள். முந்திரி என்பது முந்நூற்று இருபதில் ஒன்று. கீழ்முந்திரி என்பது அந்த முந்திரியிலும் முந்நூற்று இருபதில் ஒன்று. சோழர் காலத்துக் கோல் இடத்துக்கு இடம் மாறியது. அந்தக் குழியும் இன்றைய குழியும் ஒன்றல்ல. இன்றைய 144 சதுர அடிக் குழியை வைத்து ஒரு ஒப்பீட்டுக்காகப் போட்டுப் பார்த்தேன்: வேலியில் ஒரு முந்திரி 900 சதுர அடி; கீழ்முந்திரி 2.8 சதுர அடி. ஒரு ஆள் உட்காரும் இடம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் கோலை வைத்துக்கொண்டு அளந்தவர்கள் அதைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். வரியைப் பிசகில்லாமல் வாங்க வேண்டும் என்பது காரணமாக இருக்கலாம். காரணம் எதுவானாலும் அந்த அக்கறை எனக்குப் பிடிக்கிறது.

குழி என்று நான் சொல்லும்போது எங்கள் பக்கத்துக் குழி என்று சேர்த்தே சொல்கிறேன். அதற்கும் ஒரு காரணம் உண்டு. தெரிந்த குடும்பத்தில் புதுச்சேரிப் பக்கத்து மாப்பிள்ளை பார்த்தார்கள். பையன் வீட்டுக்கு ஐம்பது குழி நிலம் என்று தரகர் சொன்னார். பெண்ணின் தாய்மாமன் உதட்டைப் பிதுக்கினார்: அரை மா, அதாவது பதினாறரை சென்ட்; அதை வைத்துக்கொண்டு என்ன குடித்தனம்? சம்பந்தமே நின்றுவிடும் போலிருந்தது. பெரியவர் காதுக்கு விஷயம் வந்ததும், "அங்கே கோல் எத்தனை அடின்னு கேட்டீங்களா?" என்றார். புதுச்சேரிக் குழி 576 சதுர அடி. இருபத்துநான்கு அடிக்கு இருபத்துநான்கு அடி. எங்கள் குழியைப் போல நான்கு மடங்கு. அங்கே நூறு குழி சேர்ந்தால் ஒரு காணி. ஐம்பது குழி என்றால் அரைக் காணி, 28,800 சதுர அடி, 66 சென்ட். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. கோலின் நீளம் இரண்டு மடங்கானால் குழி நான்கு மடங்காகும் என்பதைத் தாய்மாமன் மண்டபத்தில் வந்தவர்களுக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தார்.

தெற்கே போனால் கதை இன்னும் மாறும். நெல்லைப் பக்கத்தில் விதைப்பாட்டில் நிலத்தைச் சொல்வார்கள். ஒரு மரக்கால் விதைப்பாடு என்றால் அந்த விதை எவ்வளவு மண்ணுக்குக் காணுமோ அவ்வளவு. சென்னைப் பக்கம் கிரவுண்ட் என்றால் 2,400 சதுர அடி, ஐந்தரை சென்ட்டுக்கு ஒரு சொட்டு கூட. ஓர் அலகின் பெயரைக் கேட்டதும் பெருக்கத் தொடங்காமல், எந்த ஊரில் என்று கேட்கும் வழக்கம் எனக்கு அந்தத் திண்ணையில் வந்தது.

பெரியவரிடம் அடிக்கடி வந்து உட்காரும் ஓய்வு பெற்ற சர்வேயர் ஒருவர் இருந்தார். வயலில் சங்கிலி பிடித்தே முதுகு வளைந்தவர். அவர் மூலமாகத்தான் லிங்க் கணக்கு எனக்குப் பழகியது. பழைய புலப்படங்களில் பக்கங்களின் நீளம் லிங்கில் இருக்கும். எட்மண்ட் கண்டர் என்ற ஆங்கிலக் கணிதர் 1620 வாக்கில் அமைத்த சங்கிலி அது. 66 அடி நீளம், நூறு கண்ணி. ஒரு கண்ணிக்கு 7.92 அங்குலம். இந்த எண்ணைப் பார்க்கும் யாருக்கும் எரிச்சல் வரும். எனக்கும் வந்தது. சர்வேயர் ஒரு கணக்குச் சொன்னார்: "250 லிங்க் நீளம், 400 லிங்க் அகலம். பெருக்கு." ஒரு லட்சம். "அதுதான் ஒரு ஏக்கர். ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட். மூணு சைபரை வெட்டினா சென்ட் கையில வந்துடும்." மைலும் அடியும் அங்குலமுமாகப் பன்னிரண்டிலும் மூன்றிலும் உடைந்து கிடந்த ஓர் அளவு முறைக்குள் கண்டர் தசமக் கணக்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். வெயிலில் நின்றபடி மனக்கணக்காகப் பரப்பைச் சொல்ல முடிந்தது அதனால்தான். மெட்ரிக் வருவதற்கு ஒன்றே முக்கால் நூற்றாண்டுக்கு முன்னால் ஒரு மனிதர் இதை யோசித்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

சிக்கல் லிங்கிலிருந்து மீட்டருக்குப் போகும்போது வருகிறது. ஒரு லிங்க் 0.201168 மீட்டர். தலையில் நிற்பதற்கு வசதியாக 0.2 என்று வைத்துக்கொள்பவர்கள் இருந்தார்கள். ஆயிரத்தில் ஆறு கூட இல்லையே, போனால் போகிறது என்பார்கள். நீளத்தில் அது உண்மை. ஆனால் பரப்பு என்பது நீளத்தை அகலத்தால் பெருக்குவது. பிழை இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேரும். ஒரு ஏக்கர் நிலத்தை 0.2 போட்டு மாற்றினால் 1.16 சென்ட் காணாமல் போகும். ஐந்நூறு சதுர அடிக்கு மேல். இதே கணக்கைக் கொள்ளளவுக்குக் கொண்டுபோனால், மணல் லாரிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும், பிழை மூன்று பக்கத்திலிருந்து வரும். நீளத்தில் ஒரு பங்கு பிசகினால் பரப்பில் ஏறத்தாழ இரண்டு பங்கு, கன அளவில் மூன்று பங்கு. இதை யாரும் எனக்குக் கல்லூரியில் இந்த மாதிரி மண்ணில் நிறுத்திச் சொல்லித் தரவில்லை.

சங்கிலியே பொய் சொல்லும் என்பதையும் சர்வேயர்தான் சொன்னார். இழுத்து இழுத்துக் கண்ணிகள் தேய்ந்து நீளும். சித்திரை வெயிலில் இரும்பு விரியும். அவர் சொன்னதைக் கேட்ட பிறகுதான் வில்லியம் லாம்டன் சென்னையில் செய்ததைப் படித்தபோது அதன் அருமை தெரிந்தது. 1802 ஏப்ரலில் பரங்கிமலைக்கு அருகே அவர் ஏழரை மைல் அடிக்கோட்டை அளந்தார். இந்தியாவின் பெரும் முக்கோண அளவைக்கு அதுதான் தொடக்கம். நூறு அடி எஃகுச் சங்கிலியை வெறும் தரையில் போடாமல் மரத் தொட்டிகளில் கிடத்தி, மேலே கூடாரத்தின் நிழல் விழச் செய்து, பக்கத்தில் வெப்பமானி வைத்து, ஒவ்வொரு வீச்சுக்கும் வெப்பத்தைக் குறித்துக்கொண்டு அளந்தார். அளந்த நீளத்தை ஒரு குறிப்பிட்ட வெப்பத்துக்கு மாற்றிய பிறகே அதை நீளம் என்று ஒப்புக்கொண்டார். இமயம் வரைக்கும் போன கணக்கு அந்த ஏழரை மைலின் மேல் நின்றது.

நகர மனைகளில் வேறு விதமான பிழை. அங்கே எல்லாம் அடியும் அங்குலமும். பன்னிரண்டு அங்குலம் ஓர் அடி என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் நாற்பது அடி ஒன்பது அங்குலத்தை 40.9 என்று எழுதுவார்கள். அது 40.75. அறுபது அடி நீள மனைக்கு இதனால் ஒன்பது சதுர அடி கூடும். கால்குலேட்டர் அதைச் சரியாகவே பெருக்கித் தரும். தவறாகக் கொடுத்ததைச் சரியாகப் பெருக்கும். பத்து அங்குலம் வந்துவிட்டாலோ 40.10 என்று எழுதி, அது 40.1 ஆகி, கிட்டத்தட்ட முக்கால் அடி விழுந்துவிடும்.

பட்டாவிலும் இதே மாதிரி ஒரு பள்ளம் உண்டு; அது இதைவிட ஆழம். பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் என இரண்டு பகுதியாக வரும். 0.05.0 என்று இருந்தால் ஹெக்டேர் ஒன்றுமில்லை, ஐந்து ஏர். பன்னிரண்டு சென்ட்டும் கொஞ்சமும். இரண்டு புள்ளி இருக்கும் எண்ணைக் கண்டு பழகாதவர்கள் நடுவில் உள்ள பூஜ்யத்தை விட்டுவிட்டு 0.5 ஹெக்டேர் என்று படித்துவிடுகிறார்கள். அது 123 சென்ட். பத்து மடங்கு. கைப்பேசியில் கணக்கிடும் செயலிகள் வந்த பிறகு இது கூடியிருக்கிறது. செயலி ஒரு புள்ளியைத்தான் ஏற்கும். எதை விடுவது என்று தட்டுகிறவர் தீர்மானிக்கிறார். இரண்டு பகுதியையும் முதலில் ஏராக்கிவிட வேண்டும்: ஹெக்டேரை நூறால் பெருக்கி ஏரைக் கூட்டு. பிறகு 2.471-ஆல் பெருக்கினால் சென்ட். வந்த விடையை நிலத்தைப் பார்த்தவர் ஒருவரிடம் சொல்லிப் பார்க்க வேண்டும். இந்தக் கடைசிப் படியை நான் எந்தச் செயலியிலும் பார்த்ததில்லை. நெடுநாள் உழுத ஆளிடம் 123 சென்ட் என்று சொன்னால், "அதுவா? பதினஞ்சு சென்ட்டுக்குள்ளதான் இருக்கும்" என்பார். அவர் தோராயமாகத்தான் சொல்வார். ஆனால் பத்து மடங்குப் பிழையைப் பிடிக்கத் தோராயமே போதும்.

எங்கள் சொந்த வயலில் இதே கணக்கு வேறு வேடத்தில் வந்தது. விவசாய அலுவலகத்துத் துண்டறிக்கையில் நெல்லுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து என்று இருந்தது. அப்பா அதை 150 கிலோ யூரியா என்று எடுத்துக்கொள்ளப் பார்த்தார். யூரியாவில் தழைச்சத்து நூற்றுக்கு 46 பங்குதான்; 150 கிலோ சத்துக்கு 326 கிலோ யூரியா வேண்டும். அது ஹெக்டேருக்கு. எங்கள் மாவுக்கு 43.6 கிலோ, அதையும் மூன்று நான்கு தவணையாகப் பிரித்துத்தான் போட வேண்டும். கிலோ ஒன்றுதான், எதன் கிலோ என்பது வேறு. அப்பா அந்தக் கணக்கைக் கதவுக்குப் பின்னால் சுண்ணாம்புச் சுவரில் கரித்துண்டால் எழுதி வைத்தார்.

பெரியவரின் பத்திரங்களில் பரப்பு ஒரு வரியில் முடியாது. தாய்ப் பத்திரத்தில் எந்த அளவில் இருந்ததோ அது முதலில், எழுதியபடியே. அடுத்து பட்டாவில் உள்ள ஹெக்டேர், ஏர். அதற்குப் பிறகு சென்ட், எந்த எண்ணிலிருந்து மாற்றப்பட்டது என்ற குறிப்போடு. அதற்கும் கீழே நான்கு எல்லை. யாருடைய நிலம், எந்த வாய்க்கால், எந்தப் பக்கம் எத்தனை அடி. மாற்றிய எண்ணை மட்டும் எழுதிவிட்டு மூல எண்ணை விட்டுவிடுவது அவருக்குப் பிடிக்காத காரியம். மூல எண் இருந்தால் பின்னால் வருகிறவன் நம் கணக்கைச் சரிபார்க்கலாம். இல்லாவிட்டால் நம் பிழையையும் சேர்த்து அவன் சுமக்க வேண்டும் என்பார். எல்லைக்கும் பரப்புக்கும் முரண் வந்தால் பொதுவாக எல்லையைத்தான் நீதிமன்றங்கள் மேலாக எடுத்துக்கொள்ளும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். அதனால் எல்லைக்கு அதிக நேரம் செலவழிப்பார். எதிரே பதிவு நேரம் முடியப் போகிறது என்று ஆட்கள் தவித்தாலும் அவசரப்பட மாட்டார்.

அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. நானும் வேறு வேலைக்குப் போய் ஓய்வும் பெற்றுவிட்டேன். ஆனால் உறவுக்காரர்கள் யாராவது பட்டாவைப் படம் பிடித்து அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறார்கள். போன தை மாதம் அண்ணன் மகள் பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள். அவள் புருஷன் வீட்டுப் பூர்வீக நிலத்தை விற்கப் பேச்சு. "சித்தப்பா, பழைய பத்திரத்துல ரெண்டு மா பதினஞ்சு குழின்னு இருக்கு. பட்டாவுல 0.29.0-ன்னு இருக்கு. ரெண்டையும் சென்ட்டுக்கு மாத்தினா ஒண்ணா வர மாட்டேங்குது. யாரோ தப்பு பண்ணிட்டாங்களா?"

போட்டுப் பார்த்தோம். 215 குழி, 30,960 சதுர அடி, 71.07 சென்ட். பட்டாவின் 29 ஏர் 71.66 சென்ட். இடைவெளி 0.59 சென்ட், சுமார் 255 சதுர அடி. 215 குழியை நேராக ஏராக்கினால் 28.76. எங்கள் பக்கத்துப் பட்டாக்களில் நான் பார்த்தவையெல்லாம் அரை ஏரிலோ முழு ஏரிலோதான் முடிந்திருக்கின்றன. 28.76-க்கு அருகில் உள்ள அரை ஏர் 29.0. அப்படி முழுமையாக்கினால் கால் ஏர் வரைக்கும், அதாவது 0.62 சென்ட் வரைக்கும், வித்தியாசம் வரலாம். இங்கே வந்தது அதற்குள் அடங்கிவிடுகிறது. யார் மேலும் சந்தேகப்பட வேண்டிய அளவு இல்லை என்றேன்.

"அப்ப பத்திரத்துல எதைப் போடறது?"

இரண்டையும் போடச் சொன்னேன். மா குழி தாய்ப் பத்திரத்தில் உள்ளபடி, ஹெக்டேர் பட்டாவில் உள்ளபடி, நான்கு பக்கமும் அடியிலும் மீட்டரிலும். விலை சென்ட்டுக்கு இவ்வளவு என்று பேசியிருப்பதால், எந்த எண்ணுக்குப் பணம் என்பதை முன்பணம் வாங்குவதற்கு முன்பே வாங்குகிறவரோடு உட்கார்ந்து தீர்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு முறை அளந்துவிடுவது நல்லது. கிழக்கே யார் நிலம் என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. மாமியாரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். மறுநாள் நான்கு எல்லைக்காரர்கள் பெயரையும் எழுதி அனுப்பினாள். சர்வேயர் வருவதற்கு மனு போட்டாயிற்று என்றும், அளக்கும் நாளில் நாலு பேரையும் வரச் சொல்லியிருப்பதாகவும் அதில் இருந்தது.